இழை: ஹேபிச்சுவேஷன் – கொரில்லாவைப் 'பழக்குவதா'?

[க.] வணக்கம். ஆப்பிரிக்காவின் விருங்கா மலைக் கொரில்லாக்கள் பற்றிய மாணவர் கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹேபிச்சுவேஷனுக்கு, அதாவது காட்டு விலங்கு மனிதரைக் கண்டு மிரளாதபடி மெல்ல மெல்ல ஆக்குவதற்கு, ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். தடம் பார்ப்பவர்கள் கொரில்லாக்களின் முந்தைய இரவுப் படுக்கையிலிருந்து தடம் பிடித்து நாள்தோறும் குழுவை எட்டுகிறார்கள். ஒளியாமல், கண்ணில் படும்படி உட்கார்ந்து, தொண்டையைச் செருமுவதுபோலத் தாழ்ந்த ஒலி எழுப்புகிறார்கள். தலைமை ஆண் சீறிக்கொண்டு பாய்ந்தாலும் ஓடாமல் குனிந்துகொள்கிறார்கள். தீனி போடுவதே கிடையாது. இப்படி இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். 'ஆன குழு', 'ஆகாத குழு' இரண்டுக்கும் அந்தச் சொல் வளைந்து கொடுக்க வேண்டும். ஆன குழுவில் மூக்குச் சுருக்கங்களை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். ஆகாத குழுவென்றால் படுக்கைகளை எண்ணி, அதில் கிடக்கும் சாணத்தை எடுத்து டிஎன்ஏ பார்க்க வேண்டும்.

[ந.] 'பழக்குதல்' போதாதா? பழக்கிய குழு, பழக்காத குழு.

[செ.] போதாது ஐயா. பழக்கிய யானை என்றால் சொன்னபடி கேட்கும் கும்கி. இது யார் சொன்னதையும் கேட்காது; ஆளைக் கண்டால் ஓடாது, அவ்வளவுதான். பழக்கு பிறவினை, இங்கே மாற்றம் விலங்குக்குள் நடக்கிறது. தன்வினையாகப் 'பழகிய குழு' என்றாலோ நெருங்கிப் பழகியதாகிவிடும். நெருங்கவே கூடாதென்பதுதான் விதி. பார்வையாளர் எட்டுப் பேர், ஒரு மணி நேரம். 7 மீட்டராக இருந்த இடைவெளியை 10 ஆக்கினார்கள். நம் சளி அவற்றுக்கு நிமோனியாவாகலாம். 'பயந்தெளிதல்' என்று வையுங்கள். பயந்தெளிந்த குழு, தெளியாத குழு.

[மு.] பயம் வடசொல். 'மருள்' இருக்கையில் அது எதற்கு? மருண்ட மான் என்கிறோமே. மருள்தெளிப்பு!

[ந.] பூச்சிமருந்து மாதிரி இருக்கிறது.

[மு.] சரி, மருள்நீக்கம். நாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயரே மருள்நீக்கியார்.

[செ.] ஊரில் மருள் வந்தால் சாமியாடுவார்கள். பிள்ளைகள் பேயோட்டுவது என்று படிப்பார்கள்.

[க.] இன்னொரு சிக்கல்: இரவுப் படுக்கையைக் 'கூடு' என்றால் பறவை நினைவு வருகிறது. தரையிலோ மரத்திலோ இலை, கிளைகளை வளைத்துப் போட்டு, தாயோடு ஒண்டும் குட்டி தவிர ஒவ்வொன்றும் இரவுதோறும் புதிதாகச் செய்துகொள்வது.

[மு.] பள்ளி. பழந்தமிழில் படுக்குமிடம்.

[ந.] 'தெளியாத குழுக்களின் பள்ளிகளை எண்ணினர்.' கல்வித் துறை கணக்கெடுப்பு!

[செ.] மு. ஐயாவுக்காக ஒன்று: சேக்கை. படுக்கை, விலங்கு தங்குமிடம் இரண்டையும் குறிக்கும். முதல் இடத்தில் மட்டும் 'சேக்கை என்னும் இரவுப் படுக்கை' என்று விரித்தால் போதும்.

[வே.] தாமதமாக வருகிறேன். சொல்லில் ஆபத்தும் தெரிய வேண்டாமா? பயந்தெளிந்த கொரில்லா வேட்டைக்காரனைக் கண்டும் ஓடாது. அதனால்தான் தெளிந்த குழுவுக்கு அன்றாடக் காவல் வேண்டியிருக்கிறது. வளைத்த மூங்கிலில் கயிறோ கம்பியோ கட்டிய சுருக்குக் கண்ணி மானுக்கு வைப்பது. மாட்டுவது கொரில்லாக் குட்டியின் மணிக்கட்டு. ஆகவே 'காப்பிழத்தல்'.

[செ.] அது விளைவு. செயலுக்குப் பெயர் வைக்கிறோம்.

[க.] கொரில்லாக் கணக்கெடுப்பில் விருங்காவில் 604 (2015–16), இன்னொரு வாழிடமான புவிண்டி–சாரம்புவே காட்டில் 459 (2018), ஆக 1,063 என்ற எண்ணைத் தட்டச்சி முடித்துவிட்டேன். சொல்தான் பாக்கி. பயந்தெளிதலுக்கு மூன்று கை, பழக்குதலுக்கு ஒன்று. பயந்தெளிதல், சேக்கை இரண்டையும் போடுகிறேன்.

[மு.] என் மறுப்பைப் பதிவு செய்க. குறைந்தது 'அச்சந்தெளிதல்' என்றாவது.

[க.] மெய்ப்பு போய்விட்டது ஐயா.