சாப்பாட்டுக்காகவே ஒரு ஊருக்குப் போனதுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், மதுரை

சாப்பிடுவதற்காகவே டிக்கெட் எடுத்து நான் போன ஊர் ஒன்றுதான், மலேசியாவின் பினாங்கு. அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்தில் ஐந்து நாள் தங்கினேன். உலகத்தில் சாப்பாட்டுக்குச் சிறந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் காலை, சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றேன். பெரிய தட்டங்களில் கோழி, மாட்டிறைச்சி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், அவித்த முட்டை என்று அடுக்கி வைத்திருந்தார்கள். சோறும் கோழியும் வாங்கி, கோழிக் குழம்பு மட்டும் ஊற்றச் சொன்னேன். பின்னால் நின்ற பெரியவர் தமிழிலேயே, "தம்பி, ஒரு குழம்போட நிறுத்தாதீங்க. பாஞ்சிர்னு சொல்லுங்க" என்றார். பாஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். சொன்னதும் கடைக்காரர் நாலைந்து பாத்திரங்களிலிருந்து கரண்டி கரண்டியாக ஊற்றினார். சோறு மூழ்கிவிட்டது. பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என்றாலும் கோழிக் குழம்பின் மேல் மீன் குழம்பை யாரும் ஊற்றி நான் பார்த்ததில்லை. முதல் வாயிலேயே புரிந்துவிட்டது. ஒன்றில் காரம், ஒன்றில் புளிப்பு, இன்னொன்றில் லேசான இனிப்பு. எல்லாம் சேர்ந்தபோது அது தனியாக ஒரு குழம்பாகிவிட்டது.

அந்தப் பெரியவர் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். கண்டார் என்பது தோளில் போடும் கம்பு என்று அவர்தான் சொன்னார். காவடி மாதிரி மூங்கில் கம்பின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் அப்படித் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றிருக்கிறார்கள். 1907-இல் தொடங்கிய ஹமீதியா என்ற நாசி கண்டார் கடை இன்றும் கேம்பல் தெருவில் நடக்கிறது. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் கைப்பக்குவம் இன்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அன்றாடச் சாப்பாடு. அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அன்று இரவு சார் குவே தியாவ். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பிச் சதை, முளைகட்டிய பயறு, முட்டை. பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், அதைச் சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அடுப்புப் பக்கம் போய்ப் பார்த்தேன். கரி அடுப்பு, ஒரே இரும்புச் சட்டி, ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். அளவு கூடினால் சட்டி சூடு இறங்கிவிடும், நூடுல்ஸ் வதங்காமல் வெந்து குழைந்துவிடும். அந்தப் புகை வாசம் வராது. நாற்பது நிமிடம் நின்றது எனக்குச் சரியாகவே பட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து

பசியாறிவிட்டு உட்கார்ந்து உங்கள் பதிவைப் படித்தேன் தம்பி. மனசு நிறைந்தது. ஆனால் ஐந்து நாள் இருந்தும் அசாம் லக்சா, அதுதான் புளிச்சாற்று மீன் நூடுல்ஸ், சாப்பிடவில்லையா? அதில் ஒரு வரிகூட இல்லையே!

எங்கள் பினாங்கை ஒரே கிண்ணத்தில் காட்டு என்றால் நான் லக்சாவைத்தான் எடுத்து வைப்பேன். தேங்காய்ப்பால் கிடையாது. கெம்புங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பான சாற்றில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி வெள்ளரிக்காய், வெங்காயம், அன்னாசி, புதினா, பொடியாக நறுக்கிய புங்கா கந்தான் எல்லாம் தூவுவார்கள். புங்கா கந்தான் இஞ்சி இனத்துப் பூமொட்டு. அந்த வாசம் இல்லாவிட்டால் அது பினாங்கு லக்சாவே இல்லை. பக்கத்தில் ஒரு கரண்டியில் கறுப்பாக, தேன் பதத்தில் ஹேகோ வைப்பார்கள், இறால் விழுது. முதலில் அது இல்லாமல் நாலு வாய் குடியுங்கள், அப்புறம் கலக்குங்கள். வித்தியாசம் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பானம் வாங்குவது மரியாதை. கடைக்காரருக்கு அந்தப் பான வியாபாரம்தான் வருமானம். உள்ளே இருக்கும் அங்காடிகள் அவரிடம் வாடகைக்கு எடுத்தவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். எந்த அங்காடி எப்போது திறக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் விற்கிறவர் மதியத்துக்குள் கடையை எடுத்துவிடுவார். சூலியா தெருவில் தள்ளுவண்டிகள் வருவதே சாயங்காலத்துக்கு மேல்தான்.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதில் சாப்பிட்ட அங்காடிகளில் பாதி இன்று இல்லை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் என் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போன மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) அங்காடி மூடிய அன்று நான் அழுதேன்.

சைவம் மட்டும் சாப்பிடுபவள், கோவை

உணவு ஊர் என்று பேச்சு வந்தாலே எங்களைப் போன்றவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கடையில் ஒக்கோனோமியாக்கி கேட்டேன், முட்டைகோஸ் போட்ட அடை மாதிரி. கறி, மீன் எதுவும் வேண்டாம் என்று படம் காட்டிச் சொன்னேன், தலையாட்டினார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் மாவையே மீன் வடிசாற்றில் கரைப்பார்கள் என்று தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. டாஷி என்ற அந்தச் சாறு ஜப்பானில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. சைவர்கள் அந்தச் சொல்லை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

என்னை வயிறாரச் சாப்பிட வைத்த ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே மரினாரா என்று ஒரு பீட்சா உண்டு. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ்கூடக் கிடையாது. விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. ஓரம் உப்பி அங்கங்கே கருகியிருக்கும், நடுவில் ஈரமாக, மெத்தென்று இருக்கும். நம் ஊரில் பீட்சா என்று நான் சாப்பிட்டது எதுவும் இதன் பக்கத்தில் வராது. மூன்று நாளும் மதியம் அதையேதான் சாப்பிட்டேன்.

இஸ்தான்புல் போய் வந்தவர்

இஸ்தான்புல்லின் எமினோனு துறையில் படகு ஏறி, சிமித் என்ற எள்ளு தூவிய வளைய ரொட்டியும் தேநீருமாக கடிக்கோய் போய் இறங்கினேன். அது கடலைத் தாண்டி ஆசியப் பக்கம். தெருமுனையில் ஒருவர் மிதியே தோல்மா விற்றுக்கொண்டிருந்தார். கடல் சிப்பிக்குள் மசாலாச் சோறு அடைத்து வேகவைத்தது. ஓட்டைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து, கையில் கொடுப்பார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்தது நீளும். போதும் என்று நாம் சொல்லும்வரை நிறுத்த மாட்டார். கடைசியில் ஓட்டை எண்ணிக் காசு. நான் பதினாறு சாப்பிட்டேன், இரண்டை அவர் எண்ணவே இல்லை. கைவிரலால் சைகை காட்டிச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

பாஷை தெரியாத ஊரில் அப்படி நின்று சாப்பிட்டது எனக்கு எந்தப் பெரிய உணவகத்திலும் கிடைக்காத சந்தோஷம்.

சிங்கப்பூரிலிருந்து

எங்கள் உணவங்காடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் விற்றவர்களை அரசு கூரைக்குக் கீழ் கொண்டுவந்து, தண்ணீரும் கழிவு வசதியும் கொடுத்து உட்கார வைத்தது. 2020-இல் இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம், உட்கார்ந்துவிடாதீர்கள். லக்சா எங்களிடமும் உண்டு, ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றியது. இரண்டில் எது மேல் என்று பட்டர்வொர்த் அக்காவிடம் நான் வாதாட மாட்டேன்.

தொடங்கியவர், மதுரை

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மார்ச்சுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இந்த முறை அம்மாவும் வருகிறார். லக்சாவுக்கு எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பட்டர்வொர்த்திலிருந்து

ஆயர் ஈத்தாம் பக்கம் போங்கள் தம்பி. கெக் லோக் சி புத்தர் கோயிலைக் காலையிலேயே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது பசியோடு வாருங்கள். அம்மாவுக்குக் காரம் குறைத்துக் கேளுங்கள். ஹேகோவைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.