புளியரை செம்மண்ணில் ராக் பாஸ்பேட்டும் டோலமைட்டும்: எதை முதலில் போடுவது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். செங்கோட்டை தாண்டி, புளியரை அடிவாரத்தில் எங்களுக்குத் தென்னையும் ஊடே நல்லமிளகும் நிற்கிறது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடம், மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்து கரைந்தே போய்விட்டது. மண் பரிசோதனையில் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்) 5.2, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்திருக்கிறது.

மணிச்சத்துக்குப் போடும் உரங்களில் சூப்பர் பாஸ்பேட் சீக்கிரம் கரையும். ஆனால் இந்த மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராக் பாஸ்பேட், அதாவது மணிச்சத்துள்ள பாறையை அரைத்த தூள், வெறும் தண்ணீரில் கரையாது, மண்ணின் அமிலம்தான் அதை மெதுவாகக் கரைக்க வேண்டும். பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் நன்றாக வேலை செய்யும். சங்கரன்கோவில் பக்கத்துப் புளிப்பில்லாத கரிசலில் போட்டால் கரையாமல் தூளாகவேதான் கிடக்கும். அதனால் எங்கள் மண்ணுக்கு ராக் பாஸ்பேட்தான் சரி என்று நினைக்கிறேன்.

குழப்பம் இங்கேதான். மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட்டும் (கால்சியமும் மக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) போடச் சொல்கிறார்கள். போட்டால் பிஎச் ஏறும், கால்சியம் கூடும், ராக் பாஸ்பேட் கரைவது மட்டுப்படுமே? முதலில் ராக் பாஸ்பேட்டை மண்ணில் கலந்துவிட்டு, அப்புறம் டோலமைட் போட்டவர்கள் யாராவது உண்டா? எத்தனை மாதம் இடைவெளி விட்டீர்கள்?

இன்னொன்று. கடையில் காட்டிய ராக் பாஸ்பேட் தூளை விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறது. நைசாக இருந்தால்தானே வேகமாகக் கரையும்? மாவு போன்ற தூள் தென்காசி, கடையம் வட்டாரத்தில் எங்கே கிடைக்கும்? மட்கிய சாணத்தோடும், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவோடும் கலந்து போட்டவர்களும் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும்.