மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் இரவு வெக்கையைத் தணிப்பது எப்படி?

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருப்பது இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில். தலைக்கு மேல் மொட்டை மாடிதான். பகல் வெயில் வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல என்பதால் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு எப்படியோ பொழுதைக் கடத்திவிடுகிறோம். எங்களை வாட்டுவது இரவுதான். ஒன்பது மணிக்கு வெளியே காற்று ஓரளவு தணிந்த பிறகும் வீட்டுக்குள் மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. மின்விசிறியைப் போட்டால் அடுப்படி அனல் போல மேலிருந்து இறங்குகிறது.

என் அம்மாவுக்கு 72 வயதாகிறது. இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்தது. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அஞ்சி, அந்தி சாய்ந்த பிறகு அவர் தண்ணீர் குடிக்கவே மறுக்கிறார். காலையில் எழும்போது உதடு உலர்ந்து, தலைசுற்றலோடு எழுகிறார். வாடகை வீடு என்பதாலும், வயரிங் பழையது என்று வீட்டுக்காரர் சொல்வதாலும் ஏசி பொருத்த வழியில்லை. மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்குவதற்குள், பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (கட்டடப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி)

சகோதரி, சிக்கல் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள். நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேற்பரப்பில் ஏறிய சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிப்பதால், வெயில் இறங்கிய பிறகுதான் உங்கள் அறையின் கூரை உச்ச சூட்டை அடைகிறது. சூடேறிய தளம் நள்ளிரவைத் தாண்டியும் அதைக் கீழே உமிழ்ந்துகொண்டிருக்கும். சீலிங் ஃபேன் அந்தக் கூரையை ஒட்டிய காற்றைத்தான் எடுத்துத் தள்ளுகிறது. ஆகவே வெயில் தளத்துக்குள் இறங்காமல் தடுப்பதே முதல் வேலை. இறங்கிய பிறகு கீழே என்ன செய்தாலும் பாதிப் பயன்தான்.

மலிவான வழி வெள்ளை பூசுவது. மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, விரிசல்களை அடைத்து, தளம் ஈரமாக இருக்கும்போதே கிளிஞ்சல் சுண்ணாம்பையோ சாதாரண நீர்த்த சுண்ணாம்பையோ வெள்ளை சிமென்டும் ஃபெவிகால் போன்ற பசையும் கலந்து இரண்டு முறை பூசுங்கள். பூச்சை வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது. உச்சி வெயிலில் பூசினால் உடனே உலர்ந்து பொடியாக உதிரும். வடகிழக்குப் பருவமழையில் இது பெரும்பாலும் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பூச வேண்டியிருக்கும். வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயின்ட் விலை கூடுதல். ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். எதைப் பூசினாலும் புழுதி படிந்தால் பயன் குறையும், அவ்வப்போது கழுவிவிடுங்கள். இது ஏதோ கைவைத்தியம் என்று வீட்டுக்காரர் நினைத்தால், தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது என்பதையும், அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதைச் சேர்த்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பூச்சால் தளத்துக்குக் கேடு இல்லை. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி விரிசல் விடுவது குறையும் என்பதால் அவருக்கும் அது ஆதாயமே.

இரண்டாவது, நிழல். தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை நிழல்வலையோ, தளத்தின்மேல் விரிக்காமல் ஆள் உயரத்துக்குக் கம்பு நட்டுக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால்தான் வலை வாங்கிய சூடு தளத்துக்கு வராமல் போகும். கீற்று போடுவதாக இருந்தால் தீப்பொறி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மாடிக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் உண்மையான பலன் இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. ஆனால் குடம் குடமாக ஊற்றினால் பெரும்பகுதி வடிகாலில் போய்விடும். பழைய சணல் சாக்குகளைப் படுக்கையறைக்கு மேலே மட்டும் விரித்து, சூரியன் மறைந்ததும் நனைத்துவிட்டால் சிறிது தண்ணீரே நெடுநேரம் வேலை செய்யும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள உங்கள் ஊருக்கு இதுவே பொருத்தம். தளத்தில் ஒழுகல் இருந்தால் மட்டும் இதைத் தவிருங்கள்.

பதில் (செவிலியர், மதுரை)

மேலே ஐயா சொன்ன கூரை வேலைகள் நடக்கட்டும். அம்மாவின் காலை நேரத் தலைசுற்றலை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். பகலில் சூடேறிய உடம்பு இரவில்தான் ஆறுகிறது. இரவும் ஆறவில்லையென்றால் மறுநாள் வெயிலை அது களைப்போடு எதிர்கொள்ள நேர்கிறது. அதனால்தான் பகல் 40 டிகிரியைத் தொட்டு, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடும்போது வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப இரவு என்று தனியாக வகைப்படுத்துகிறது.

சிறுநீர் பெருக்கும் மாத்திரை, வயதானவர்களுக்கு இயல்பாகவே மங்கிப்போகும் தாக உணர்வு, அதோடு தண்ணீரை மறுப்பது ஆகிய மூன்றும் சேர்வது கவலைக்குரியது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்தத் தலைசுற்றலைச் சொல்லி, கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா, காலை நேரத்துக்கு மாற்றலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர்கூட ஆகாமல் போகலாம். அப்படித் தடை ஏதும் இல்லையென்றால், எழுந்த நேரத்திலிருந்து மாலை ஆறு மணிக்குள் பெரும்பங்கு தண்ணீரும் மோரும் நீராகாரமும் உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் கொடுத்தால் மறுப்பவர்கள், அரைத் தம்ளராக மணிக்கு ஒரு முறை நீட்டினால் வாங்கிக் குடிப்பதை வார்டில் அடிக்கடி பார்க்கிறோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டு, பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியும் போட்டு வைத்தால் அவருடைய அச்சம் பாதி தீரும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். ஓஆர்எஸ் பொடியை அன்றாட பானமாகக் கொடுக்காதீர்கள், அதில் உப்பு உண்டு. தேவைப்படும்போது ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு வியர்வை குறைவு என்பதால் விசிறிக் காற்று மட்டும் போதாது. முழங்கைக்குக் கீழேயும் பாதங்களிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காற்றுப்படும்படி உட்கார வையுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். பாராசிட்டமால் இதற்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பதில் (காட்பாடி)

சென்னையில் இருப்பவர்கள் ஏர்கூலரால் பயனில்லை என்பார்கள். கடலோர ஈரக்காற்றில் அது உண்மை. நம் பக்கத்து வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், மின்சாரமும் ஏசியைவிட மிகக் குறைவாகவே இழுக்கும். எல்லோரும் செய்வது போலச் சன்னலைச் சாத்தி வைத்து ஓட்டாதீர்கள். கூலரைத் திறந்த சன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கச் சன்னலையும் திறந்தால்தான் ஈரக்காற்று வெளியேறும். இல்லையென்றால் அறை புழுங்கிவிடும். தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூச்சுக்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார்; மருத்துவரைப் பார்க்கவும் நேரம் வாங்கிவிட்டேன். இரவில் மின்சாரம் போய்விட்டால் கூலரும் நின்றுவிடுமே, அப்போது அம்மாவை என்ன செய்வது?

பதில் (செவிலியர், மதுரை)

தரைத்தளத்தில் குடியிருப்பவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். மேல்தளத்தைவிட அங்கே இரவு வெக்கை குறைவாகவே இருக்கும்; ஒரு கட்டில் போட அவர்கள் மறுக்கமாட்டார்கள். படியிறங்குவது சிரமமென்றால், அந்த மோசமான சில வாரங்களுக்கு மட்டும் மாலை வெளிச்சத்திலேயே அம்மாவைக் கீழே அழைத்துச் சென்று அங்கேயே படுக்க வைத்துவிடுங்கள். நள்ளிரவு இருட்டில் படியிறங்குவதைவிட அது பாதுகாப்பானது.