சாட்சி நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்ற நாள்

விண்மீன்:
11 வருட வேலை ஒரு வெள்ளிக்கிழமை போனது. அதைப் பற்றி எழுத வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறுதான் இன்னும் மனசை அரிக்கிறது.

எங்கள் சபையில் சாட்சி சொல்ல, அதாவது தேவன் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்ல, முதலில் எழுவது நான்தான். மதிப்பெண், வேலை, பதவி உயர்வு, எல்லாவற்றுக்கும் நின்றிருக்கிறேன். "வாலாக்காமல் தலையாக்கினார்" என்று வேத வசனத்தைச் சொல்லித்தான் முடிப்பேன். அன்றும் போதகர் பழக்கத்தில் என் பக்கம் பார்த்தார், எழுந்துவிட்டேன். மைக் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "வேலை போயிடுச்சு" என்றேன். அவ்வளவுதான். யாரும் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா "ஸ்தோத்திரம்" என்றார். பதவி உயர்வுக்குச் சொன்ன அதே ஸ்தோத்திரம், அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்குக் காது மந்தம். நான் சொன்னது கேட்டுத்தான் சொன்னாரா? மூன்று மாதமாக இதே கேள்வி.

ஒலிவக்கிளை:
கேட்டிருப்பார் சகோதரி.

சபையில் வாலிபர் கூடுகை, ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் பார்க்கப் போவது எல்லாம் என் தலையில். ஒருநாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை, அழுகையும் வரவில்லை. நண்பன் வந்தான். வசனம் சொல்வானோ என்று பயந்தேன். என் போனை எடுத்து அணைத்து, மேசை டிராயருக்குள் போட்டு மூடினான். அந்த 'டக்' இன்னும் காதில் இருக்கிறது. "தூங்கு, நான் வெளியே இருக்கேன்."

வேதத்தில் 1 இராஜாக்கள் 19 அப்போதுதான் புரிந்தது. கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்த அதிகாரத்தில் அவரே சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறார். தூதன் கடிந்துகொள்ளவே இல்லை. எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், மறுபடி படுக்க விடுகிறான், இரண்டாம் முறை வந்தபோதும் சாப்பாடுதான்.

பழையவாசகன்:
இரண்டு பதிவும் படித்து மனசு கனத்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மத்தேயு 25-ல் இயேசு சொன்ன உவமையில், தன்னிடம் கொடுத்த பணமாகிய தாலந்தைப் பெருக்காமல் மண்ணில் புதைத்தவனை எஜமான் "பொல்லாதவனும் சோம்பனுமான ஊழியக்காரனே" என்கிறார். யாக்கோபு 2-ம் கிரியை (செயல்) இல்லாத விசுவாசத்தைச் செத்தது என்றுதான் சொல்கிறது. உழைப்பைக் கைவிடலாகாது. சகோதரி, அதிகாலையில் எழுந்து ஜெபியுங்கள். பழைய மேலதிகாரிகளிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். காலையிலேயே விண்ணப்பங்களை அனுப்பிவிடுங்கள். இரவில் உட்கார்ந்தால் தூக்கம் கெடும், அடுத்த நாளும் கெடும். செலவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். புதிதாக ஏதாவது படியுங்கள். சபையில் நாலு பேரிடம் சொல்லிவையுங்கள், வேலை அப்படித்தான் கிடைக்கும்.

என் அனுபவம் சின்னது. மகன் தேர்வில் தோற்றபோது நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தவன், வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

யோர்தான்கரை:
ஐயா, அந்த ஊழியக்காரன் தாலந்தை ஏன் புதைத்தான் என்பதும் அங்கேயே இருக்கிறது. "கடினமுள்ள மனுஷன்" என்று எஜமானை நினைத்துப் பயந்தான். உங்கள் மகனைத் திருப்பி அனுப்பியதும் அந்தப் பயம்தான். கோபத்தில் எழுதவில்லை, நானும் ஒரு தகப்பன்.

'தலையாக்குவார்' வசனமும் இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்தோடு தேவன் செய்த உடன்படிக்கையில் வருவது. ஒருவருடைய பதவி உயர்வுக்கு அதை எடுத்து ஒட்டுகிறோம். மத்தேயு 3-ல் இயேசு ஞானஸ்நானம் பெற்றதும் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து ஒரு சத்தம். அது எப்போது வந்தது? ஒரு அற்புதம்கூட நடக்கவில்லை, ஒரு பிரசங்கம்கூட இல்லை. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரனான பிசாசு "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று ஆரம்பித்து, செய்து காட்டச் சொல்கிறான். 'நேச' என்ற சொல்லை அவன் வாயில் காணோம்.

என் மகளுக்கு 9 வயது. நடக்கமாட்டாள், பேசமாட்டாள். ஞானஸ்நானத்தன்று என் கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். போதகர் தண்ணீர் விட்டுப் பெயரைச் சொன்னபோதும் கண் திறக்கவில்லை. அவள் அங்கே செய்தது ஒன்றுமே இல்லை. நான்தான் நடுங்கினேன்.

பழையவாசகன்:
மகனுக்கு இப்போது போன் செய்தேன். எடுக்கவில்லை. ராத்திரி மறுபடி கூப்பிடுவேன்.

விண்மீன்:
எல்லோருக்கும் நன்றி. வேலை இன்னும் இல்லை. போன ஞாயிறு பின்வரிசைக்குப் போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அவர் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, வரியில் விரலை வைத்தார்.