மூன்று துறைகள் சேர்ந்து நடத்தும் நெருக்கடி ஒத்திகைக்கு எந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: கொங்குக் கால்நடை மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாவட்டம் ஒன்றில் கால்நடை உதவி மருத்துவராகப் பணிபுரிகிறேன். கால்நடை பராமரிப்பு, உணவுப் பாதுகாப்பு, வேளாண்மை ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து ஒரு நாள் நெருக்கடி ஒத்திகை நடத்துவது என்று மாவட்ட அளவில் முடிவாகி, அதற்கான நிகழ்வுக் குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணைகள் மிகுந்த பகுதி என்பதால் பறவைக் காய்ச்சலையே எடுத்துக்கொண்டேன். ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாக இறக்கின்றன, நோய் உறுதியாகிறது, சுற்றிலும் 1 கி.மீ. தொற்றுப் பகுதியாகவும், அங்கிருந்து 10 கி.மீ. வரை கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படுகின்றன. கோழிகளை அழித்துப் புதைக்கிறோம். வரைவைப் படித்த வேளாண் அலுவலர், "இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் கடைசியில் ஒரு பத்திதான் மிஞ்சியிருக்கிறது.

மூன்று துறைகளுக்கும் உண்மையான வேலை இருக்கும்படி எந்த நிகழ்வை எடுக்கலாம்? களத்தில் இறங்கி நடத்துவதா, மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடத்துவதா? கலந்துகொள்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடைத் துறை அலுவலர்

உங்கள் வரைவில் "நோய் உறுதியாகிறது" என்று இரண்டே சொற்களில் கடந்து போயிருக்கிறீர்கள். ஒத்திகை பார்க்க வேண்டிய இடமே அதுதான். கோழிகளை அழிப்பதும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவதும் நம் துறையினர் பழகிய வேலைகள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக இந்நோய் வந்ததிலிருந்து அவற்றுக்கு எழுத்து வடிவில் செயல்திட்டமும் இருக்கிறது. தடுமாற்றமெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில்தான். மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரும்வரை அதைப் பறவைக் காய்ச்சல் என்று யாரும் அறிவிக்க முடியாது. வெள்ளைக் கழிச்சல் என்ற வேறொரு வைரஸ் நோயிலும் கோழிகள் ஏறக்குறைய இதே போலத்தான் சாகும். அந்த இடைவெளியில் பண்ணையாளர் முட்டைகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருப்பார். வண்டியை நிறுத்தச் சொல்லும் முதல் ஆள் யார், எந்த எழுத்துப்பூர்வ ஆணையின் பேரில் சொல்கிறார், பண்ணையாளர் மறுத்தால் அடுத்து யாரைக் கூப்பிடுகிறார் என்பவற்றை ஒத்திகையில் கேளுங்கள்.

நான் பார்வையாளராகப் போயிருந்த ஓர் ஒத்திகையில் கோழியின் மூச்சுக்குழாயிலும் கழிவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரியை முறைப்படி எடுத்து, மூன்றடுக்குப் பொதியில் வைத்து, பனிக்கட்டிப் பெட்டியையும் சரியாக மூடிவிட்டார்கள். பெட்டியைக் கொண்டு செல்லும் ஆளுக்கான அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி வேறொரு கூட்டத்தில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடலாம் என்று ஒருவருக்கும் எழுத்தில் அதிகாரம் தரப்படவில்லை. மாலைவரை பெட்டி வராந்தாவிலேயே இருந்தது. அன்றைய ஒத்திகையில் கிடைத்த பயனுள்ள தகவல் அது ஒன்றுதான். அறிக்கையிலோ அது இடம்பெறவில்லை.

ஆகவே முதல் முறை மேசையைச் சுற்றியே நடத்துங்கள். தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள், நிகழ்வைச் சொல்லாதீர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் அஜ்மீரில் ஒன்றிய அரசு நடத்திய "விஷாணு யுத்த அப்யாஸ்" (வைரஸ் போர்ப் பயிற்சி) போன்ற களப் பயிற்சிக்கு மனித மருத்துவம், கால்நடை, வனம் எனப் பல தரப்புகளும் மாநில நிர்வாகமும் கைகோத்தன. அந்த அளவை ஒரு மாவட்டம் எடுத்த எடுப்பில் எட்ட முயல வேண்டியதில்லை. ஆனால் வனத்துறைக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இறந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானபோது, நோய் முதலில் தென்பட்டது காட்டில்தான், தொழுவத்தில் அல்ல.

பதில் 2: உணவுப் பாதுகாப்பு அலுவலர்

வேளாண் அலுவலர் கேட்டது நியாயமான கேள்வி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் "உணவு" என்பதன் வரையறையை ஒரு முறை படித்துப் பாருங்கள். கால்நடைத் தீவனமும், உயிருள்ள விலங்குகளும், அறுவடைக்கு முந்தைய பயிரும் அதில் சேரா. விளைபொருள்கூட விவசாயியின் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போன பிறகுதான் எங்கள் சட்டத்தின் கண்ணில் படுகிறது. நெருக்கடி எப்போதும் அந்த எல்லைக்கோட்டின் மீதே வந்து நிற்கும். அப்படி நிற்கும் ஒரு நிகழ்வைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

என் யோசனை, பாலில் அஃப்ளாடாக்சின், அதாவது பூசணம் உண்டாக்கும் நஞ்சு. பூசணம் பிடித்த மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோ தீவனத்தில் கலந்தால், மாடு அதைத் தின்ற ஒரு நாளுக்குள் நஞ்சின் ஒரு வடிவமான எம்1 பாலில் வந்துவிடுகிறது. இது கற்பனையான ஆபத்தும் அல்ல: 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் இது வரம்பை மீறியிருந்தது, அப்பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. நம் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

ஒத்திகையை எங்கள் மேசையில் தொடங்குங்கள். கொள்முதல் நிலையம் ஒன்றின் பால் மாதிரி வரம்பை மீறியதாக ஆய்வறிக்கை வருகிறது. நான் பாலை நிறுத்த முடியும். அவசரத் தடை வேண்டுமென்றால் எங்கள் மாவட்ட மேலதிகாரியான நியமன அலுவலர் அறிவிப்புக் கொடுத்துவிட்டு மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தொழுவத்துக்குள் போய் மாட்டுக்கு என்ன போட்டார்கள் என்று கேட்பது கால்நடை மருத்துவரின் வேலை. அந்தத் தீவனத்துக்கான மக்காச்சோளம் எந்த ஊர்க் களத்திலிருந்து வந்தது, அறுவடையின்போது மழை பெய்ததா, தார்ச்சாலையில் காயப்போட்டதைச் சரியாகக் காயுமுன்பே அள்ளிவிட்டார்களா, மூட்டை பிடிக்கும்போது ஈரப்பதம் எவ்வளவு இருந்தது என்பவை வேளாண் துறைக்குத்தான் தெரியும். இப்போது அவர் "எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்க மாட்டார்.

ஒரு பொறியும் வையுங்கள். இந்த நஞ்சு சரக்கு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டை சுத்தமாக இருக்க, அடுத்த மூட்டையில் அள்ளிக்கொண்டு வரும். ஆகவே முதல் தீவன மாதிரியில் "குறையில்லை" என்று முடிவு வரும்படி எழுதுங்கள். அதை நம்பிக் கோப்பை மூடிவிடுகிறார்களா, மீண்டும் பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்கிறார்களா என்பது தெரிந்துவிடும். இதற்குள் தீவனம் தீர்ந்துபோய், பாலில் நஞ்சின் அளவும் சில நாட்களில் இறங்கிவிடும். தீவன ஆலை ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வைத்திருக்கிறதா என்று அப்போது யாராவது கேட்கிறார்களா, பாருங்கள்.

பதில் 3: ஜெர்மனியில் தீவன ஆய்வகத்தில் பணிபுரிபவர்

மேலே சொன்ன நிகழ்வு ஐரோப்பாவில் உண்மையிலேயே நடந்ததுதான். 2012இல் பால்கன் நாடுகளில் கடும் வறட்சி. 2013இல் செர்பியாவிலிருந்து வந்த அஃப்ளாடாக்சின் மிகுந்த மக்காச்சோளம், ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்குத் தீவனமாகப் போனது. செர்பியாவிலோ பாலுக்கான வரம்பையே 0.05இலிருந்து 0.5 மைக்ரோகிராமாக உயர்த்தினார்கள். "வரம்பைத் தளர்த்துங்கள்" என்று மேலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருவதையும் உங்கள் ஒத்திகையில் சேர்க்கலாம், விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் பரிந்துரை, சந்தேகத்துக்குரிய பொருள்கள் இரண்டாக இருக்கட்டும். முதலில் தவறானதன் மேல் கண் போகட்டும். 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ஈ.கோலை தொற்று பரவியபோது, ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைக் குற்றஞ்சாட்டினார்கள். சில நாட்களில் வெள்ளரியில் இருந்தது வேறு வகைக் கிருமி என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் சந்தை சரிந்துவிட்டது, காய்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு தர நேர்ந்தது. உண்மையான காரணம் முளைகட்டிய விதைகள். எகிப்திலிருந்து 2009இல் வந்த வெந்தய விதைவரை தடம் போனது. 50க்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வு இது. உங்கள் ஒத்திகையில் மக்காச்சோளத்தை வெள்ளரிக்காய் ஆக்குங்கள். உண்மைக் காரணம் கடலைப் புண்ணாக்காக இருக்கட்டும். மக்காச்சோள வியாபாரியின் பெயரை யார் முதலில் பத்திரிகைக்குச் சொல்லிவிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

2017இல் முட்டையில் ஃபிப்ரோனில் பூச்சிக்கொல்லி கலந்த விவகாரத்தில் பெல்ஜியத்துக்கு ஜூன் தொடக்கத்திலேயே தகவல் தெரியும். மற்ற நாடுகளுக்கு எச்சரிக்கை போனது ஜூலை 20 அன்றுதான். 2019இல் வெளியான ஐரோப்பிய நெருக்கடி மேலாண்மைத் திட்டம், ஒவ்வொரு நாடும் ஒரு நெருக்கடி ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று சொல்கிறது, ஒத்திகைகளையும் வலியுறுத்துகிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த ஒருவர் யார் என்று கேட்டால், மூன்று துறையினரும் ஒரே பெயரைச் சொல்வார்களா?

கொங்குக் கால்நடை மருத்துவர்

மிக்க நன்றி. பால் நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். பறவைக் காய்ச்சல் அடுத்த முறைக்கு இருக்கட்டும். இரண்டு ஐயங்கள் பாக்கி. செய்திக்குறிப்பு எழுதும் வேலையை எந்தத் துறையிடம் விடலாம்? மதிப்பீட்டை யார் செய்வது?

உணவுப் பாதுகாப்பு அலுவலர்

செய்திக்குறிப்பை மூவரும் தனித்தனியாக எழுதட்டும். பிறகு மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றிலாவது "நன்கு காய்ச்சிக் குடித்தால் அச்சமில்லை" என்ற வரி இருக்கும் என்று நினைக்கிறேன். பறவைக் காய்ச்சலில் முட்டைக்கும் இறைச்சிக்கும் அந்த அறிவுரை பொருந்தும், ஏனென்றால் 70 டிகிரி வெப்பத்தில் அந்த வைரஸ் அழிந்துவிடும். அஃப்ளாடாக்சின் எம்1 காய்ச்சினாலும் போகாது. அதே சமயம் ஒரு டம்ளர் பால் குடித்ததால் உடனே எதுவும் ஆகிவிடாது, நாள்பட்ட நுகர்வே கல்லீரலுக்குக் கேடு என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்க்கு அந்தக் குறிப்பில் பதில் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடைத் துறை அலுவலர்

மதிப்பீட்டாளர் பக்கத்து மாவட்டத்துக்காரராக இருக்கட்டும். சொந்த மேலதிகாரி எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு முடிவும் எத்தனை மணிக்கு, யாரால், எந்த அதிகாரத்தின் பேரில் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் அவர் குறித்தால் போதும், மதிப்பெண் வேண்டாம். முடிந்ததும் தேநீருக்குக் கலைவதற்கு முன்பே, அந்த அறையிலேயே எல்லோரையும் பேச வையுங்கள்.

இன்னொன்று: அன்று அனுப்பும் கடிதம், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு என ஒவ்வொன்றும் "இது ஒத்திகை" என்றே தொடங்க வேண்டும். "பாலில் நஞ்சு" என்ற ஒரு வரி வாட்ஸ்அப்பில் வெளியே போய்விட்டால் மறுநாள் காலை பால்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடமும் காவல் கட்டுப்பாட்டு அறையிடமும் முதல் நாளே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.