சட்ட ஆங்கிலம்: சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதா, வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பதா?

புது_ஜூனியர்:
மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்து, சட்டக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, பிறகு பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவன் நான். ஐந்து மாதங்களாகச் சென்னையில் ஒரு சீனியரிடம் இருக்கிறேன். சென்ற வாரம் அவர் ஒரு நிலத் தகராற்றின் இரண்டாம் மேல்முறையீட்டுக் கட்டைக் கையில் கொடுத்து, அதிலுள்ள ரிமாண்ட் ஆர்டர் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பார்த்து வைக்கச் சொன்னார். அண்ணன் தம்பிக்கு இடையிலான வரப்புச் சண்டையில் யார் எப்போது சிறைக்குப் போனார் என்று அரை மணி நேரம் தேடினேன். மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பு ஒருமுறை அந்த வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழமை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தது என்பதும், அந்த ஆணைக்கும் ரிமாண்ட் என்றே பெயர் என்பதும் குமாஸ்தா பக்கத்தைப் புரட்டிக் காட்டிய பிறகுதான் விளங்கின. வெட்கம் தாளாமல் அன்றிரவே கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, நாளொன்றுக்கு 30 சட்டச் சொற்கள் என்று மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இது சரியான வழிதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பாரிமுனை_வழக்கறிஞர்:
சரியான வழிதான் தம்பி, விடாதீர்கள். அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலமே. நமக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு வழக்கு. நானும் தமிழ்வழியில் வந்தவன்தான். முதல் மூன்று ஆண்டுகள் சட்ட அகராதியிலிருந்து தினமும் 20 சொற்களைப் பொருளோடு எழுதிப் பார்த்த பிறகே உறங்கப் போவேன். நீதிபதி ஒரு சொல்லைச் சொன்னதும், அதைத் தமிழாக்கி, விடையைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலமாக்கிச் சொல்வதற்குள் உங்கள் வழக்குத் தள்ளுபடியாகி அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள். சொல் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும். அதற்கு மனப்பாடத்தை விட்டால் வேறு வழியை நான் கண்டதில்லை.

தஞ்சை_சிவில்_வக்கீல்:
பாரிமுனை ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் காட்டும் வழி தவறு என்றே எண்ணுகிறேன். தம்பி தடுமாறியது சொல் தெரியாததால் அன்று. ரிமாண்ட் என்ற சொல் அவருக்கு நாளிதழ் படிக்கும் வயதிலிருந்தே தெரியும். அந்தச் சொல் எந்த நடைமுறையில் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் தெரியவில்லை, அதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 23-ஐ ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால், அந்த அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். 'கட்டளை' என்று நான் எழுதியதையே பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தத் தொகுதிக்கும் ஆர்டர் என்று பெயர், நீதிபதி பிறப்பிப்பதும் ஆர்டர். தமிழில் முன்னது கட்டளை, பின்னது ஆணை.

இதைவிடத் தெளிவான இடம் இன்னொன்று உண்டு. அதே 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு டிக்ரி, ஜட்ஜ்மென்ட் ஆகிய இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. நீதிபதி காரணங்களை எடுத்துரைப்பது ஜட்ஜ்மென்ட். உரிமையை முடிவு செய்து முறையாக எழுதப்படுவது டிக்ரி. 96-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்வது டிக்ரியை எதிர்த்துத்தான். ஆங்கிலப் பட்டியலில் இரண்டுக்கும் எதிரே 'தீர்ப்பு' என்றே போட்டிருப்பார்கள். எங்கள் முன்சீப் கோர்ட்டில் எழுத்தரைக் கேட்டாலும், ஒன்று தீர்ப்புரை, மற்றொன்று தீர்ப்பாணை என்பார். உரையையும் ஆணையையும் பிரித்துக் காட்டும் அந்தத் தமிழ்ச் சொற்களை முதலில் பிடித்துக்கொண்டவன், ஆங்கிலத்தில் ஒருநாளும் மாற்றி எழுதமாட்டான். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழ் வந்ததன் பயன் இது. தம்பிக்குத் தமிழ்வழிப் படிப்பு ஒரு கைமுதல். அதை ஊனம்போல் நினைக்கக் கூடாது.

பாரிமுனை_வழக்கறிஞர்:
கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே முன்சீப் கோர்ட்டில் இன்ஜங்ஷனுக்கு உறுத்துக்கட்டளை என்று பிராதில் எழுதுகிறீர்களே, அந்தச் சொல்லைக் கேட்டுப் புரிந்துகொண்ட கட்சிக்காரர் ஒருவரையாவது காட்டுங்கள். அவர் ஊருக்குப் போய், 'ஸ்டே வாங்கியாச்சு' என்றுதான் சொல்லுவார். சீராய்வு என்ற சொல்லின் கதி இன்னும் மோசம். நீதிமன்றத் தமிழில் அது ரிவிஷன். உச்ச நீதிமன்றச் செய்தி எழுதும் நிருபருக்கோ ரிவ்யூவும் சீராய்வு மனுதான். அதே உரிமையியல் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றத்தின் அதிகார வரம்புப் பிழையைப் பார்ப்பது ஒன்று. 114-ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றம் தன் ஆணையைத் தானே மறுபடி பார்ப்பது வேறொன்று. தமிழ்ச் சொல்லை நம்பி வந்தவன் இங்கே கவிழ்ந்துவிடுவான். ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

தஞ்சை_சிவில்_வக்கீல்:
கட்சிக்காரர் 'ஸ்டே' என்று சொல்வதை எடுத்துக்காட்டியதன் மூலம் என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள், ஐயா. பக்கத்து நிலத்துக்காரர் வேலி போடக் கூடாதென்று அவர்மீது பெறுவது உறுத்துக்கட்டளை. கீழ்க் கோர்ட்டின் ஆணையோ விசாரணையோ மேலே நகராமல் நிறுத்தி வைப்பது ஸ்டே. கட்சிக்காரர் இரண்டையும் ஒன்றாக்கியது ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டுதான்.

ஆவண_மொழிபெயர்ப்பாளர்:
நான் வழக்கறிஞர் அல்லள். கீழமை நீதிமன்றத் தமிழ் ஆவணங்களை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் கட்டுகளுக்காக ஆங்கிலப்படுத்துவது என் தொழில் என்பதால், இரு தரப்பாரும் செய்யும் பிழைகள் என் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன. அறிவிப்புகளின் தொடக்கத்தில் வரும் 'வித்தவுட் பிரஜுடிஸ்' என்ற தொடரை 'பாரபட்சமின்றி' என்று எழுதியிருப்பதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். அகராதியில் பிரஜுடிஸ் என்றால் தப்பெண்ணம், பாரபட்சம் என்று இருக்கும். மனப்பாடக்காரர் அதை அப்படியே ஒட்டிவிடுகிறார். சமரசத்துக்காக இப்போது எழுதுவது நாளை என் உரிமைக்குக் குந்தகமாகக் கூடாது என்பதே அங்கே பொருள். 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்று எழுதிப் பழகிய பழைய குமாஸ்தாக்களிடம் இந்தப் பிழை வராது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குற்றவியல் வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு (முறைப்படி வரைவதற்கு) முன்பே, வழக்குக்குப் போதிய அடிப்படை இல்லையென்று ஒருவரை விட்டுவிடுவது டிஸ்சார்ஜ். முழு விசாரணை முடிந்து குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளிப்பது அக்விட்டல். முன்னதற்கு விடுவிப்பு, பின்னதற்கு விடுதலை என்று அழகாகப் பிரித்திருந்தும், தமிழ் ஆவணங்களில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. தமிழ்ச் சொல் இருப்பது மட்டும் போதாது, எழுதுகிறவர் அதைப் பிறழாமல் எழுத வேண்டுமல்லவா?

புது ஜூனியருக்கு ஒரு கேள்வி: நீங்கள் படிக்கும் செயலி எந்த நாட்டு நீதிமன்றத்துக்காகச் செய்யப்பட்டது?

புது_ஜூனியர்:
நன்றி அம்மா. அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போதுதான் கடந்த மூன்று நாள் சொற்களைத் திறந்து பார்த்தேன்: அட்டர்னி, ஃபெலனி, மிஸ்டிமீனர், சாலிசிட்டர், கிளெய்மன்ட், டெபொசிஷன். பாதி அமெரிக்கா, பாதி இங்கிலாந்து என்று தோன்றுகிறது.

ஆவண_மொழிபெயர்ப்பாளர்:
அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன். நம்மிடம் குற்றங்களை ஃபெலனி (பெருங்குற்றம்), மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்று பிரிக்கும் வழக்கம் இல்லை. காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியது, கூடாதது என்றும், பிணையில் விடத்தக்கது, தகாதது என்றும்தான் பிரிவுகள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு இங்கே தொழில் செய்பவர்கள் எல்லோரும், அட்டர்னி, சாலிசிட்டர் என்ற பிரிவின்றி, அட்வகேட் என்ற ஒரே வகுப்பினர். கிளெய்மன்ட் என்பது 1999-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி இங்கிலாந்து உரிமையியல் நீதிமன்றங்கள் பிளெயின்டிஃப் என்ற பழைய சொல்லைக் கைவிட்டு எடுத்துக்கொண்டது; நம் வாதி இன்றும் பிளெயின்டிஃப்தான். இவற்றுள் டெபொசிஷன் மிகவும் ஆபத்தானது. அமெரிக்காவில் அது விசாரணை தொடங்குமுன் நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கறிஞர்கள் எடுக்கும் வாக்குமூலம். இங்கே அது கூண்டில் ஏறிய சாட்சி நீதிபதியின் முன் சொல்லிப் பதிவான சாட்சியம். சொல் நம்முடையதுபோலவே இருப்பதால், பொருள் வேறாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

யாழ்_சட்டத்தரணி:
வணக்கம். உங்கள் விவாதம் எங்களுக்கும் புதிதல்ல. இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதென 2020 இறுதியில் வர்த்தமானி (அரசிதழ்) வெளியிட்டார்கள். பல தரப்பின் எதிர்ப்புக்குப் பின் 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. நாங்கள் நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் நாள் முழுவதும் தமிழில் வாதாடிவிட்டு, மேன்முறையீடு என்று கொழும்புக்குப் போனதும் ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். இரண்டு பக்கமும் காலூன்றி நிற்பவருக்குத்தான் வழக்கு முழுமையாக விளங்குகிறது என்பது என் அனுபவம். ஒன்று மட்டும்: நாங்கள் சட்டத்தரணி, நீங்கள் வழக்கறிஞர்; நாங்கள் மேன்முறையீடு, நீங்கள் மேல்முறையீடு. தமிழ்ச் சொல்லும் கடல் கடந்தால் மாறுகிறது என்பதைத் தஞ்சைத் தோழர் மறக்க வேண்டாம்.

பாரிமுனை_வழக்கறிஞர்:
வெளிநாட்டுச் செயலியை நான் பரிந்துரைக்கவில்லை. அதை இன்றே நீக்கிவிடுங்கள், தம்பி. ஆனால் பட்டியலே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். தஞ்சை நண்பர் உரிமையியல் வழக்கை மட்டும் கண்முன் வைத்துப் பேசுகிறார். நாளை தம்பி ஒரு நிறுவன ஒப்பந்தத்தை வரைய வேண்டி வரலாம். ஷல் (செய்ய வேண்டும்) என்று போட வேண்டிய இடத்தில் மே (செய்யலாம்) என்று போட்டால் கடமை விருப்புரிமையாகிவிடும். மே என்று எழுதியிருப்பதையும் சூழல் கருதிக் கட்டாயமாகவே நீதிமன்றங்கள் பொருள்கொள்ளும் இடங்கள் வேறு இருக்கின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் வரும் கன்சிடரேஷனை, பரிசீலனை என்று தெரிந்துவைத்திருப்பவன் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவான். இதற்கெல்லாம் முன்சீப் கோர்ட் எழுத்தர் துணைக்கு வருவாரா?

தஞ்சை_சிவில்_வக்கீல்:
எழுத்தர் வராவிட்டாலும் பத்திர எழுத்தர் வருவார். பழைய கிரயப் பத்திரங்களில் 'பிரதிப்பிரயோசனம்' என்று ஒரு சொல் இருக்கும். நான் கொடுப்பதற்கு எதிராக நீ தருவது என்று பொருள். வடமொழிதான், மறுக்கவில்லை, இப்போது மறுபயன் என்கிறோம். அதைப் படித்திருந்தவனுக்குக் கன்சிடரேஷன் ஒரே நொடியில் புரியும்.

பாரிமுனை ஐயா 348-ஐ எடுத்துக்காட்டினார். அதன் இரண்டாம் உட்பிரிவையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் மாநில ஆட்சிமொழியைப் பயன்படுத்த ஆளுநர் அதிகாரமளிக்கலாம். ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் பீகாரும் இந்திக்கு அப்படிப் பெற்றுவிட்டன. நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டும், 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்கவில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிக் கற்பது என்பதில்தான் சண்டை. தம்பி, இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் அலுவலகத்திலேயே, கீழ்க் கோர்ட்டில் தமிழில் தீர்ப்பாகி உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் முடிந்த ஒரு பழைய கட்டை எடுத்து, இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

புது_ஜூனியர்:
நேற்றிரவு தஞ்சை அண்ணன் சொன்னபடி ஒரு கட்டை எடுத்தேன். நான்கு மணி நேரத்தில் பதினொரு பக்கம்தான் நகர்ந்தது. ஆனால் 'எழுதிக்கொடுத்தல்' என்று தமிழில் இருந்த இடத்திலும் 'நிறைவேற்றுதல்' என்று இருந்த இடத்திலும் ஆங்கிலத்தில் எக்ஸிக்யூட் என்ற ஒரே சொல் வந்ததைக் கண்டபோது, பத்திரத்துக்கு ஒன்று, தீர்ப்பாணைக்கு ஒன்று என்று மனத்தில் பதிந்துவிட்டது. பாரிமுனை ஐயா சொன்னபடி அவற்றை ஒரு நோட்டில் பிரிவு எண்ணோடு எழுதியும் வைத்திருக்கிறேன். முப்பதுக்குப் பதில் ஏழு சொற்கள்தான் தேறின.

இப்போது ஓர் அவசரக் கேள்வி. நகர உரிமையியல் நீதிமன்றத்தில் எங்கள் கட்சிக்காரர்மீது, அவர் ஆஜராகாத நிலையில், எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) டிக்ரி ஆகியிருக்கிறது. நாளைக் காலைக்குள் மனு தயாராக வேண்டும். டிக்ரியை ரத்து செய்ய வேண்டும்; அதற்கு 'குவாஷ்' செய்யக் கோருவதா, 'செட் அசைட்' செய்யக் கோருவதா?

பாரிமுனை_வழக்கறிஞர்:
செட் அசைட். கட்டளை 9, விதி 13-இல் இருக்கும் சொல் அதுதான். விதியின் சொல்லை விட்டு நகராதீர்கள். டிக்ரி ஆகி 30 நாள் கடந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

தஞ்சை_சிவில்_வக்கீல்:
கடந்திருந்தால் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ்த் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் உடன் போக வேண்டும். அழைப்பாணை கட்சிக்காரருக்கு முறையாகச் சார்பு செய்யப்பட்டதா (சேர்ப்பிக்கப்பட்டதா) என்றும் கட்டில் பாருங்கள். செய்யப்படவில்லையென்றால், டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள். மனுவோடு வைக்கும் பிரமாண வாக்குமூலத்தை (அஃபிடவிட்) முதலில் கட்சிக்காரருக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குங்கள்.