எடை குறைந்த பிறகு தொங்கும் கைச்சதை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரை உறுப்பினர்

98 கிலோவிலிருந்து 64-க்கு வந்திருக்கிறேன். வயது 41. தைராய்டு மாத்திரை எடுப்பவள், இரண்டு பிரசவமும் சிசேரியன். என்னைப் போன்றவர்கள் தங்கள் நிலையோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். காலை நடை, சோற்றின் அளவைக் குறைத்தது, இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தது என்று மெதுவாகத்தான் இளைத்தேன். முழங்கால் வலி போயிற்று, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மேல்கையின் அடிப்பக்கம் தளர்ந்து தொங்கிவிட்டது. பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்குவதற்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா முறை ஆகவேண்டிய ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏன்டி இப்படி வத்திப்போயிட்ட, சுகர் கிகர் வந்துருச்சா?" என்று கேட்டார். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர், "இன்னும் ஒரு அஞ்சாறு கிலோ குறைச்சா அந்தக் கையும் வத்திரும்" என்றார். இந்த இரண்டாவது பேச்சுதான் ஆபத்து. அதை நம்பி ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தோள்பட்டை வலிக்காகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தவர். மேல்கையின் பின்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கச் சொன்னார். தடிமனாக, மெத்தென்று வந்தால் உள்ளே கொழுப்பு இன்னும் இருக்கிறது. மெலிதாக, சுருக்கத்தோடு வந்தால் அது வெறும் தோல். அப்புறம் கையை நேராக நீட்டி முழங்கையை விறைக்கச் சொன்னார். அப்போது பின்பக்கத்தில் கெட்டியாக எழுந்து நிற்பது ட்ரைசெப்ஸ் தசை. எனக்குத் தோல் நிறைய, கொழுப்பு கொஞ்சம், தசை மிகக் குறைவு.

காரணமும் சொன்னார். வெறும் நடையும் உணவுக் கட்டுப்பாடுமாக எடை குறைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்தே கரைகிறது. குறையும் எடையில் ஏறக்குறைய கால்பங்குகூட அப்படிப் போகலாம். தோலை இழுத்துப் பிடிப்பவை கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள். பல வருடம் விரிந்தே இருந்த தோலில் அவை நைந்துபோகும். வயது, வெயில், புகைபிடிக்கும் பழக்கம், எத்தனை வருடம் பருமனாக இருந்தோம் என்பதெல்லாம் இதில் சேரும். உள்ளே நிரப்பியிருந்த கொழுப்பும் தசையும் போய்விட்டால் தோல் தொங்காமல் என்ன செய்யும்? இந்த நிலையில் மேலும் பட்டினி கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் போய், தொங்கல் இன்னும் கூடும்.

சரி, என்ன செய்தேன்? மேல்கையின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ட்ரைசெப்ஸ்தான். அதனால் டம்பெல்லைப் பிடித்துக் கையை மடக்கித் தூக்குகிற பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) பயிற்சி மட்டும் போதாது. சுவரில் கை ஊன்றி புஷ்-அப்பில் ஆரம்பித்தேன். அது சுலபமானதும் சமையல் மேடை, பிறகு மாடிப்படியின் இரண்டாம் படி, கடைசியாகத் தரை. கை ஊன்றும் இடம் கீழே இறங்க இறங்கப் பாரம் கூடும். அதோடு ஒரு எடையை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றும் பயிற்சி. ட்ரைசெப்ஸில் உள்ள மூன்று பிரிவுகளில் நீளமானது தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்குகிறது. கையைத் தலைக்கு மேல் வைத்துச் செய்யும்போது அது நன்றாக இழுபட்டு வேலை செய்யும். முதலில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் 2 லிட்டர், அதன்பிறகுதான் டம்பெல் வாங்கினேன். துணிப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு, குனிந்து நின்று முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குவதும் உண்டு. முதுகும் சேர்ந்து பலப்பட்டால்தான் அக்குளுக்குப் பின்னால் பிதுங்கும் இடம் அடங்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒரு செட்டுக்கு 10, 12 தடவை. கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டுத் தூக்குகிற எடையாக அது இருக்க வேண்டும். அரைக் கிலோ டம்பெல்லை நூறு தடவை ஆட்டுவதால் தசை வளராது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். "பொம்பளைக்கு எதுக்கு வெயிட்டு, கை ஆம்பளை மாதிரி ஆயிடும்" என்பார்கள். காதில் வாங்காதீர்கள். பெண்ணுடம்பில் தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகக் குறைவு, தற்செயலாக அப்படியெல்லாம் ஆகிவிடாது.

சாப்பாட்டில் புரதம் கூட வேண்டும். பயிற்சி செய்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது சாப்பிடச் சொல்கிறார்கள். எனக்கு அது 75 கிராமுக்கு மேல் வரும். ஓர் இட்லியில் 2 கிராம்தான், எத்தனை இட்லி சாப்பிட முடியும்? முட்டைக்கு 6 கிராம். 50 கிராம் மீல் மேக்கரில் 25 கிராம் கிடைக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல், பயறு, மீன், கோழி, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இப்போது கை உருண்டு நிற்கிறது, முன்பக்கம் பார்க்க நன்றாக இருக்கிறது. அடியில் தோல் இன்னும் கொஞ்சம் தொங்கத்தான் செய்கிறது. நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கோயம்புத்தூர் உறுப்பினர்

அக்கா, ஆண்களுக்கும் இது உண்டு, வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். 121 கிலோ இருந்தவன் நான். இளைத்த பிறகு அரைக்கை சட்டையே போடவில்லை. ஜிம்மில் சேர்ந்த அன்று ஒரு பையன், வயது 20 இருக்கும், "அண்ணா, தொங்குற கைச்சதைக்குத் தனியா வொர்க்-அவுட் இருக்கு, ஒரே மாசத்துல கரைச்சிடலாம்" என்றான். அங்கேயே இருந்த மூத்த மாஸ்டர் அவனைத் தடுத்தார். எந்த இடத்துக்குப் பயிற்சி கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது, கொழுப்பு எங்கிருந்து முதலில் இறங்க வேண்டும் என்பதை உடம்பே முடிவு செய்யும் என்று அவர் சொன்னதைத்தான் இன்றும் நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. நாற்காலி விளிம்பில் கை ஊன்றி இறங்கி ஏறும் டிப்ஸ் பயிற்சியை யூடியூப் பார்த்து எல்லோரும் செய்கிறார்கள். மேல்கை தரைக்கு இணையாக வருவதற்குக் கீழே இறங்காதீர்கள். தோள்மூட்டின் முன்பக்கத்துக்கு அது பெரிய இழுப்பு. எடை அதிகமாக இருக்கும்போது சுவர் புஷ்-அப்பே பாதுகாப்பு.

சென்னை உறுப்பினர்

நான் ஆபரேஷன் வரை போனவள், அதனால் எழுதுகிறேன். எனக்குப் பேரியாட்ரிக் ஸ்லீவ் (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்து 50 கிலோவுக்கு மேல் குறைந்தது. மதுரை சகோதரி சொன்ன பயிற்சிகளை நானும் விடாமல் செய்தேன். தசை வந்தது. ஆனால் தோல் அக்குளிலிருந்து முழங்கை வரை மடிப்பாகத் தொங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வியர்த்து, வேனல் கட்டி, பூஞ்சைத் தொற்று என்று வந்துகொண்டே இருந்தது. இந்த அளவுத் தோலுக்குக் கிரீமும் பயன்படாது, மெஷினும் பயன்படாது. ஓர் அழகுக் கிளினிக்கில் சூடு வைத்து இறுக்குகிற பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். லேசான தளர்ச்சிக்கு அது கொஞ்சம் உதவலாம். தொங்கும் தோலுக்கு உதவாது என்று பிளாஸ்டிக் சர்ஜன் நேராகவே சொன்னார்.

கை ஆபரேஷனுக்குப் பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். பேரியாட்ரிக் செய்தவர்களை ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். தோல் தானாகச் சுருங்குவது ஏதாவது இருந்தால் அதற்குள் சுருங்கிவிடும். வெறும் லைப்போசக்‌ஷன் செய்து கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தால் தோல் இன்னும் தொங்கும், அதனால் தோலை வெட்டி எடுத்துத்தான் தைக்க வேண்டும். தழும்பு கையின் உட்பக்கத்தில் அக்குளிலிருந்து முழங்கை வரை வரும். நம் நிறத்துக்குத் தழும்பு கறுத்துத் தடிக்கும் வாய்ப்பு அதிகம். சிலிக்கோன் ஷீட் ஒட்டி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். பல வாரம் மேல்கையை இறுக்கிப் பிடிக்கும் உறை போட வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. முன்கையின் உள்பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன இடம் மரத்துப்போயிருக்கிறது. அந்த வழியாகப் போகும் தோல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அழகுக்கான ஆபரேஷன் என்று கருதினால் இன்சூரன்ஸ் பணம் தராது, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த முடிவில் முழுத் திருப்தி. தோலுக்குப் பதில் தழும்பு என்பது தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். அந்தப் புண்கள் இப்போது வருவதில்லை.

திருச்சி உறுப்பினர்

எனக்கு 60 வயது. சர்க்கரையும் உண்டு. டாக்டர் சொல்லி 20 கிலோ குறைத்தேன். தோள்மூட்டு இறுகிப்போயிருப்பதால் தலைக்கு மேல் எடை தூக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வருமாம். கதவின் மேல்பக்கத்தில் உடற்பயிற்சி ரப்பர் பேண்டை மாட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக் கீழே தள்ளுகிறேன். அவ்வளவுதான் செய்கிறேன். சதை இன்னும் தொங்குகிறது. ஆனால் குக்கரை ஒரு கையால் இறக்க முடிகிறது, பேரனைத் தூக்க முடிகிறது. இந்த வயதில் எனக்கு அதுதான் பெரிது கண்ணு.

மதுரை உறுப்பினர்

அம்மா, நீங்கள் செய்வது சரியான பயிற்சி. பேண்ட் சுலபமானால் அடுத்த நிறத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், நிறத்துக்கு நிறம் இழுவிசை கூடும். எந்த நிறம் தடிப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கடையில் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

சென்னை சகோதரி, தழும்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. என் தங்கை அடுத்த மாதம் ஒரு சர்ஜனைப் பார்க்கப் போகிறாள், உங்கள் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு சந்தேகம்: மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பி வருகிறதா? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

தனிச்செய்தியில் ஜாக்கெட் பற்றிக் கேட்டவர்களுக்கு: முழுக்கை தைத்து மறைக்க வேண்டியதில்லை. முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் இடத்தின் நடுவில் ஓரம் வந்து இறுக்கினால்தான் சதை பிதுங்கித் தெரியும். கைச்சுற்றளவை டெய்லர் கையைத் தொங்கவிட்டு அளப்பார், நீங்கள் ஒரு தடவை மடக்கிக் காட்டியும் அளக்கச் சொல்லுங்கள். தசை வளரும் காலத்தில் சுற்றளவு மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே ஓர் அங்குலத் துணி விட்டுத் தைத்தால் பிரித்துக்கொள்ளலாம்.